பாறைக்குப் பெயர் வைத்தவர்

பெயர் தெரியாத எதையும் அவர் வாங்கமாட்டார்.

மெல்பேர்ணின் புட்ஸ்கிரே சந்தையில் ஒரு சனிக்கிழமை, நீளமாக வெள்ளி நிறத்தில் கிடந்த மீன் ஒன்றைக் காட்டி அதன் பெயரைக் கேட்டார். கடைக்காரர் கிரேக்கர். "கறிக்கு நல்ல மீன்" என்றார். "அது பேர் இல்லையே" என்றார் இவர். கடைக்காரர் கையை விரித்தார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இவர் அசையவில்லை. கடைசியில் அந்த மனிதர் உள்ளே போய்த் தன் தாயைக் கூட்டிவந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியிருந்த அந்தத் தாய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிரேக்க மொழியில் ஒரு பெயரைச் சொன்னார். இவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தாய் சரி என்று தலையாட்டிய பிறகே பணப்பையைத் திறந்தார்.

"இப்பதான் இது மீன். இவ்வளவு நேரம் வெறும் சாமான்" என்று வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இருவரும் மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் வேலை செய்தோம். அவர் மலேசியாவின் ஈப்போவிலிருந்து மாணவியாக வந்து, பாறைகளைப் பற்றி ஆராய்ந்து, டொக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆய்வாளராக இருந்தவர். தகப்பனார் ஈய லம்பத்தில், அதாவது வெள்ளீயச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். நான் யாழ்ப்பாணம். கொழும்பில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்த கை. ரயில்வே பட்டறையில் பொறியியலாளராக வேலை கிடைத்த கணவரோடு வந்து, இங்கேயும் அதே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர்மார் பென்சிலால் கிறுக்கித் தருவதை மையினால் ஒழுங்காக வரைந்து, இடப்பெயர்களை அழகாக எழுதிக்கொடுப்பது என் வேலை.

எங்கள் பழக்கமே ஒரு பெயர்ப்பலகையில் தொடங்கியது. அவருக்குப் புதிதாக அறை ஒதுக்கியபோது, கதவில் அவருடைய பெயரைப் பாதியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் அறைக்குள் போகவில்லை. நடைபாதையில் ஒரு சின்ன மேசையைப் போட்டு அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தார். துறைச் செயலாளர் வந்து என்னவென்று கேட்டதற்கு, "இந்த அறை வேற யாருக்கோ குடுத்திருக்காங்க. அவங்க வந்து கோவிச்சுக்கப் போறாங்க" என்றார், சிரிக்காமல். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முழுப் பெயரையும் எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். பலகை போதவில்லை. வேறு பலகை வெட்டுவித்து எழுதினேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க பேர் என்னாங்க?"

"இஞ்ச எல்லாரும் மிஸிஸ் எஸ் எண்டுதான் கூப்பிடுறவை."

"அது எழுத்து. பேரைக் கேட்டேன்."

சொன்னேன். அன்றிலிருந்து, அந்தக் கட்டடத்தில் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். நான் அவரை அக்கா என்றேன். அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அவரோடு பழகுவது எப்போதும் சுகமான காரியம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாளுக்கு நாலைந்து தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தோம். ஒரு வைத்தியர், "இது என்ர வைஃப்" என்று மனைவியை அறிமுகப்படுத்தினார். அக்கா அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டார். வைத்தியர்தான் பதில் சொன்னார். அக்கா அது காதில் விழாதவர் போல அந்தப் பெண்ணைப் பார்த்தபடியே திரும்பவும் கேட்டார். அந்தப் பெண் தன் பெயரை மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு ஒன்றிரண்டு வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது நின்றுபோனது. ஆனால் அந்தப் பெண் மட்டும், கணவர் வேலைக்குப் போன நேரங்களில், அக்காவோடு தொலைபேசியில் கதைப்பாள் என்று பிறகு அறிந்தேன்.

என் கணவருக்கு அவரைப் பார்த்தால் மெல்லிய பயம். "அந்த மனுசி வந்தா வீட்டில இருக்கிற சாமானுக்கெல்லாம் பேர் சொல்லவேணும்" என்பார். ஆனாலும் அக்கா வந்தால், கேத்தலில் தண்ணீர் வைக்க முதலில் எழும்புவது என் கணவர்தான்.

அக்காவின் பிடிவாதம் முழுவதும் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பாறை.

தென் அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பக்கத்தில் ஒரு மலைத்தொடர். எப்போதோ எரிமலை கக்கிய குழம்பு இறுகிச் செம்பாறையாக நிற்கும் மலைகள். எங்கள் துறைத் தலைவர், வயதான ஆங்கிலேயப் பேராசிரியர், இளைஞராக இருந்தபோது ஒட்டகத்தில் போய் அந்த மலைகளை வரைந்தவர். கிழக்கே வெகு தொலைவில் இன்னொரு மலைத்தொடர் உண்டு. அங்கும் எரிமலைப் பாறைதான், ஆனால் வயது குறைந்தது. பேராசிரியர் இரண்டுக்கும் ஒரே நிறம் பூசி ஒரே பெயரை எழுதிவிட்டார். அதைத்தான் எல்லோரும் படித்தார்கள், நானும் பலமுறை பிரதி எடுத்து வரைந்திருக்கிறேன்.

அக்கா மேற்கு மலையின் துண்டு ஒன்றை மெல்லிசாக அரைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அந்தக் குடும்பமே இல்ல. வேற ஒருத்தங்க பேரைச் சொல்லி இதைக் கூப்பிட்டுக்கிட்டிருக்கோம்."

பேராசிரியர் கெட்டவர் அல்ல. "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார். ஆனால் ஆண்கள் தங்கும் முகாமுக்குத் தனியாக ஒரு பெண்ணை அனுப்ப முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒரு மாலை அக்கா எங்கள் குசினிக்குள் வந்து, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாலைவனத்துக்கு வர்றீங்களா?"

"நானோ? நான் வந்து என்ன செய்யிறது?"

"ரெண்டாவது பொம்பளையா இருக்கணும். வரைபடமும் வரையணும். ரெண்டுமே உங்களுக்கு வரும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு, "போட்டு வாரும். நாங்கள் ரெண்டு பேரும் முட்டையும் பாணுமாச் சமாளிப்பம்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்படித்தான், கூடாரத்தில் ஒரு நாள்கூடப் படுத்தறியாத நான், லாண்ட் ரோவரின் பின்னிருக்கையில் வரைபலகையோடு பாலைவனத்துக்குப் போனேன். சாரதி ஒருவர், அக்கா, நான். குளிர்காலம். விடியும்போது வாளித் தண்ணீரில் மெல்லிய பனித்தகடு மிதக்கும். பத்து மணிக்குள் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவோம். சாம்பல் பச்சையில் புதர்கள், அதற்கு அப்பால் செங்குத்துத் தூண்களை நெருக்கி நிறுத்தியதுபோல அந்த மலை. முதல் நாள் அதன் கீழே போய் நின்ற அக்கா, பெரிய மனிதர் ஒருவரின் வீட்டு வாசலில் நிற்பதுபோலச் சேலைத் தலைப்பைத் தேடி, தான் காற்சட்டை போட்டிருப்பது நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார்.

தேடியது ஒரே ஒரு விடயத்தைத்தான். அந்த மலையின் அருகே மஞ்சள் மணற்கல் உண்டு. மணற்கல்லின் மேல் எரிமலைக் குழம்பு வழிந்து இறுகியது, ஆகவே செம்பாறைதான் பிந்தியது என்பது பேராசிரியரின் கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அந்த இடம் எங்கே பார்த்தாலும் மணலுக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு கிழமை நடந்தோம். என் சப்பாத்தின் அடி கழன்றது. சாரதி வெளிப்படையாகவே கொட்டாவி விட்டார்.

பக்கத்துச் செம்மறிப் பண்ணையில் அந்த நிலத்துக்கே உரிய ஆதிகுடி மூதாட்டி ஒருவர் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். எங்கள் தண்ணீர் குறைந்தபோது, வறண்ட ஓடை ஒன்றைக் காட்டி, அதன் வழியே ஏறிப்போனால் வற்றாத நீர்ச்சுனை இருக்கிறது என்றார். வாளிகளோடு நானும் அக்காவும் போனோம். சுனையைக் கண்டவுடன் நான் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தண்ணீருக்குள் விட்டேன். அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையில் முழங்காலில் நின்று, பாறைச் சுவரைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க. இது என்ன, சொல்லுங்க."

"மஞ்சள் மணற்கல்."

"அதுக்குள்ள?"

குனிந்து பார்த்தேன். மணற்கல்லுக்குள் உருண்டையான கூழாங்கற்கள், பணியாரத்துக்குள் உலர்ந்த திராட்சை பதிந்ததுபோலப் பதிந்திருந்தன. எல்லாமே சிவப்பு.

"சிவப்புக் கல்லு."

"எந்தச் சிவப்புக் கல்லு?"

திரும்பி மலையைப் பார்த்தேன். அதே சிவப்பு. அதே வெள்ளைப் பொட்டுகள்.

"அந்த மலையின்ர கல்லு அக்கா. உடைஞ்சு, ஆத்தில உருண்டு வந்து இதுக்குள்ள மாட்டுப்பட்டிருக்கு."

"அப்ப மணல் படியிறப்ப மலை எங்க இருந்துச்சு?"

"ஏற்கெனவே நிண்டிருக்கு. மலைதான் முந்தினது."

அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் காலில் சப்பாத்து இல்லாமல் அந்தக் கற்களின் மேல் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து சம்மட்டியால் மலையை உடைத்து, வெயில் மழை படாத உட்பாறையாக மூட்டை மூட்டையாக எடுத்தோம். என் வரைபலகை அந்தக் கற்களுக்கு அடியில் போயிற்று.

புறப்படும் முன் அக்கா மூதாட்டியிடம் போனார். புதிய பாறைத் தொகுதி ஒன்றுக்குப் பெயர் வைப்பதென்றால், அருகிலுள்ள இடத்தின் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்பது விதி. முதலில் மலையின் பெயரைக் கேட்டார். மூதாட்டி தலையை ஆட்டி, "அது எல்லோருக்கும் உரியதில்லை" என்றார். அக்கா உடனே விட்டுவிட்டார். யாரிடம் எதைக் கேட்டாலும் விடாத மனுசி, அங்கே ஒரு சொல்லுக்கு மேல் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து மூதாட்டியே, "சுனையின் பெயர் எல்லோருக்கும் உரியது. தாகத்துக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்வோம்" என்று சொன்னார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. வரைபடத்துக்கும் பாறைக்கும்தான் அவர் தந்தார்; நான் கதை எழுதுவதற்குக் கேட்டு வாங்கவில்லை.

பெயரின் நடுவில் ஒரு ண இருந்தது. ன அல்ல, அசல் ண. பண்ணை முகாமையாளர் முப்பது வருடமாக அதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அக்கா கேட்டவுடனே நாக்கை மடித்துச் சரியாகச் சொன்னார். மூதாட்டி நிமிர்ந்து பார்த்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு என்னையும் சொல்லச் சொன்னார். நான் தேயிலைப் பெட்டி மட்டையில் தமிழில் அதை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினேன். அவர் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, எங்களைச் சுட்டிக்காட்டித் தன் மொழியில் ஏதோ சொல்ல, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மெல்பேர்ண் திரும்பியதும் அடி விழுந்தது. பேராசிரியர் கூழாங்கற்களைப் பார்த்து யோசித்தார். "மணற்கல்லும் நான் நினைத்ததைவிட இளையதாக இருக்கலாம். வயதைக் காட்டுங்கள்" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் துறையிலிருந்த கருவியில் பாறைக்குள் சேர்ந்திருக்கும் ஆர்கன் வாயுவை அளந்தார்கள். பாறையிலுள்ள பொட்டாசியம் காலப்போக்கில் ஆர்கனாக மாறும். வாயு கூடக் கூட வயதும் கூடும். வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாமே இளமையான வயதுகள். ஏறத்தாழப் பேராசிரியர் சொன்னவை. துறையில் சிலர் அக்காவைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் ஆறுதல் சொல்லலாமென்று அவருடைய அறைக்குப் போனேன். அவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மூடி திறந்த சட்டில ஆவி எவ்வளவு இருக்குன்னு பார்த்து, சோறு எப்ப ஆக்கினதுன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"ஏலாது. திருப்பிச் சூடாக்கினா ஆவி போயிருக்கும்."

"அதேதான். இந்த மலையை யாரோ பிற்பாடு திருப்பிச் சூடாக்கியிருக்காங்க. வாயு ஓடிப்போச்சு. இவங்க கண்டுபிடிச்சது வயசு இல்ல. கடைசியாச் சுட்ட நாளு."

வாயுவை நம்பாத வேறு முறை ஒன்று இருந்தது. ரூபிடியம் என்ற பொருள் மிக மெதுவாக ஸ்ட்ரோன்சியமாக மாறும். அது ஓடிப்போகாமல் பாறைக்குள்ளேயே கிடக்கும். ஒரே எரிமலையில் ஒரே காலத்தில் பிறந்த கற்கள் என்றால், அவற்றின் அளவுகளைக் கட்டத்தாளில் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். கோடு எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதோ அவ்வளவு வயது. அதற்கான கருவி சிட்னியில் இருந்தது. கற்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ரயில் ஏறினார். பெட்டியைத் தூக்க முடியாத சுமைகாரர், "உள்ளே என்ன, கல்லா?" என்று சலித்துக்கொண்டாராம். "ஆமாம், நீங்களும் நிலவியல் படிச்சீங்களா?" என்று இவர் கேட்டாராம்.

சில மாதம் அங்கேயும் இங்கேயுமாக இருந்தார். பிறகு ஒரு காலை, நான் மைப்பேனாவைக் கழுவிக்கொண்டிருக்கையில், நேரே ரயிலிலிருந்து என் மேசைக்கு வந்தார். அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கட்டத்தாளில் புள்ளி வைத்தேன்.

"கோட்டையும் நீங்களே போடுங்க" என்றார். "நான் போட்டா கை ஆசைப்படும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அடிமட்டத்தை வைத்தேன். முதற் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்துப் பிடித்தேன். நடுவில் இருந்த அத்தனை புள்ளிகளும், சொல்லிவைத்ததுபோல, அடிமட்டத்தின் விளிம்பில் வரிசையாக நின்றன. நான் கோட்டை இழுத்தேன்.

"அக்கா, திரும்புங்கோ."

திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலே போயிருந்தது கோடு. கிழக்கு மலைகள் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. பூமியில் புல் பூண்டு எதுவும் முளைக்காத காலத்துப் பாறை.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். "வாங்க, இன்னிக்கு நான் வாங்கித் தர்றேன்."

பெயருக்கு இன்னும் ஒரு தடை இருந்தது. அந்தச் சுனை எந்த அச்சிட்ட வரைபடத்திலும் இல்லை, ஆகவே பெயர் செல்லாது என்று, பாறைப் பெயர்களை அங்கீகரிக்கும் குழு எழுதியது. "இல்லைன்னா வச்சிடுவோம். வரையிற ஆளு பக்கத்திலயே இருக்காங்க" என்றார் அக்கா. அந்தப் பகுதியை நான் புதிதாக வரைந்தேன். ஓடை, சுனை, பெயர். ண வரும் இடத்தில் ஆங்கில n-க்கு முன்னால் ஓர் r போட்டோம். நில அளவைக் கந்தோரிலிருந்து ஒருவர் தொலைபேசியில், அந்த r எதற்கு என்று கேட்டார். "நாக்கை மடிக்கிறதுக்கு" என்று அக்கா சொல்லி, அவர் சரியாகச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கவிடவில்லை. வரைபடம் அச்சாகியது. குழு பெயரை ஏற்றுக்கொண்டது.

சிட்னியில் நடந்த நிலவியல் மாநாட்டில் அக்கா இதையெல்லாம் கட்டுரையாக வாசிப்பதாக இருந்தது. அதற்கு முந்தின கிழமை பேராசிரியர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அந்தப் பெயரை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். நாக்கின் நுனியை மேலே மடிக்கவேண்டும் என்று காட்டினேன். எழுபதை நெருங்கும் அந்த மனிதர், என் முன்னால் நின்று வாயைத் திறந்து நாக்கை மடித்து மடித்துப் பார்த்தார். அடுத்த நாளும் வந்தார்.

மாநாட்டு மண்டபம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். என் கோடு திரையில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. அக்கா பேசி முடித்ததும் பேராசிரியர் எழுந்தார். மறுக்கப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

"அந்தச் சுனையருகே நான் இளைஞனாக மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன்" என்றார். "அந்தக் கூழாங்கற்களின் மேலேதான் உட்கார்ந்திருந்தேன். குனிந்து பார்க்கவில்லை. இவர் பார்த்தார்."

பிறகு பாறைத் தொகுதியின் புதிய பெயரை முழுதாகச் சொன்னார். ண ஒலித்தது. மண்டபம் எழுந்து கைதட்டியது. அக்கா மேடையில் கையில் சுட்டுக்கோலோடு, என்ன செய்வதென்று தெரியாதவராக நின்றார். அப்படி அவரை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

அடுத்த குளிர்காலம் அச்சிட்ட வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருவரும் சுனைக்குப் போனோம். இந்த முறை நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவில்லை. என் கணவரும் மகளும்கூட வந்தார்கள். மூதாட்டி வரைபடத்தைப் பாறையின் மேல் விரித்துவைத்து, பெயரை விரலால் தடவினார். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தடவினார்கள். என் மகளும் தடவினாள். பிறகு எல்லோரும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தோம்.

மூதாட்டி மலையைப் பார்த்தபடி கேட்டார்: "எவ்வளவு வயது என்று கண்டுபிடித்தீர்கள்?"

அக்கா சொன்னார். எத்தனை கோடி என்று விரல் மடித்துக் காட்டி, சூரியனையும் நிலவையும் இழுத்து, தன்னால் முடிந்தவரை விளக்கிச் சொன்னார். மூதாட்டி பொறுமையாகக் கேட்டார்.

"சரியாகத்தான் இருக்கும்" என்றார். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அது பழசுதான்."